செப்புத் தகட்டிற் செதுக்கிய முகம்

கம்பம் பள்ளத்தாக்கிலே கூடலூர் முதல் தேனி வரையில் ஊர்தோறும் சென்று பார்ப்போமாயின், உழவர் இல்லங்களிலும் தேநீர்க் கடைகளிலும் மீசையுடைய ஆங்கிலேயர் ஒருவரின் படம் மாட்டப்பட்டிருத்தலைக் காணலாம். அவர் கர்னல் ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளர். மேற்கே கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து வழி செய்து, அந்நீரை 1895-ஆம் ஆண்டிற் கிழக்கே திருப்பிய பெருமை அவரைச் சார்ந்தது. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் ஒன்று 2013-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15-இல், பொங்கல் விழாவோடு சேர்த்து அவர் படத்திற்கு மாலை சூட்டும் ஊர்களும் உள.

நன்றியறிதல் முகத்தை நாடும் இயல்புடையது. உதவி செய்தார் பெயரை மட்டும் அறிந்து மனிதர் அமைவதில்லை. அவர் எவ்வாறு இருந்தார் என்று காணவும் விரும்புவர். இன்று நிழற்படம் ஒன்று கைக்கு அகப்பட்டால் போதும். சிவகாசியில் ஓர் அச்சகம் பல்லாயிரம் படிகளைச் சிறிது பொழுதில் அடித்துத் தந்துவிடும். நிழற்படக் கருவி தோன்றுதற்கு முன்னர் ஒருவருடைய முகம் ஆயிரவர் கைக்குச் சென்றது எங்ஙனம்? ஓவியர் தீட்டும் படம் ஒன்றே. அஃது ஒரு சுவரிலேதான் தொங்கும். அவ்வொன்றைப் பலவாக்கியவர்கள், எஃகு உளியைக் கையிற் பிடித்துச் செப்புத் தகட்டில் வரி வரியாக முகத்தை வெட்டிய செதுக்குநர்கள். பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையில், அச்சிட்ட முகங்களுட் பெரும்பாலன இவர்தம் கைவழியாகவோ, மரத்திற் செதுக்கிய இவர் இனத்தார் கைவழியாகவோ வந்தவையே. அவ்வினையின் முறையையும், அதன் பின்னே நின்ற உழைப்பையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செப்பேடும் அச்சுத் தகடும்

செம்பில் வெட்டுதல் நம் பள்ளத்தாக்கிற்குப் புதியதன்று. சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளை வரலாறு பயில்வோர் நன்கறிவர். பெரியது, சிறியது என இரு தொகுதியாக வழங்கும் அவற்றுள், பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் காலத்தது. அதன் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் வெட்டப்பட்டுள்ளன. மகாபாரதத்தைத் தமிழாக்கியதும் மதுரையிற் சங்கம் வைத்ததும் பாண்டியர் செயல்களாக அதன்கட் கூறப்படுகின்றன. ஆயிர ஆண்டுகளுக்கு முன்னரே செம்பின்மேல் இத்துணை நுண்ணிய வேலை செய்யும் கைகள் பாண்டி நாட்டில் இருந்தன.

ஆயினும், செப்பேடு தானே படித்தற்கு உரிய பொருள். அதற்குப் படி இல்லை. வெட்டிய பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரமான தாளை அதன்மேல் அழுத்தி எடுப்பின், பள்ளத்திலுள்ள மை தாளிலே ஒட்டிக்கொண்டு வரும் என்ற சிறியதோர் எண்ணமே தகட்டைத் தாயாக்கிப் படங்களை அதன் மக்களாக்கியது. இவ்வெண்ணம் ஐரோப்பாவில், செர்மானிய நாட்டிலும் இத்தாலியிலும், பதினைந்தாம் நூற்றாண்டிலே பயனுக்கு வந்தது. அதனைக் கையாண்டவர்களிற் பலர் பொற்கொல்லர்கள். வாளுறையிலும் கிண்ணத்திலும் கொடியும் பூவும் வெட்டிப் பழகிய கைகளே பின்னர் முகத்தையும் வெட்டத் தொடங்கின.

ஈண்டு அச்சின் இருவகையை வேறுபடுத்தி உணர்தல் வேண்டும். பழைய புத்தக அச்சில் எழுத்து மேடாக நிற்கும். மை மேட்டிலே தங்கும். பள்ளம் வெறுமையாக இருக்கும். மரப்பலகையிற் செதுக்கும் படமும் அவ்வாறே. செப்புத் தகட்டுச் செதுக்கோ இதற்கு முற்றும் மாறானது. இங்கே பள்ளத்திலே மை நிற்கும். மேடு துடைக்கப்பட்டு வெண்மையாக விளங்கும். ஆதலின், தகட்டிலிருந்து எடுத்த படத்தை விரலால் மெல்லத் தடவினால், வரிகள் தாளின்மேற் சிறிது புடைத்து நிற்றலை உணரலாம்.

தகடும் உளியும்

முதலிற் செப்புத் தகட்டை மாசு மறுவின்றி வழவழப்பாக்க வேண்டும். கரித்துண்டும் எண்ணெயும் கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குவர். ஒரு மெல்லிய கீறல் எஞ்சியிருந்தாலும் அதில் மை புகுந்து, படத்திலே முகத்தின் குறுக்கே ஒரு கோடாகத் தோன்றும். பின்னர், மூல ஓவியத்தின் எல்லைக்கோடுகளைத் தகட்டின்மேல் வரைந்துகொள்வர். அதுவும் இடவலம் மாற்றியே வரைதல் வேண்டும். தகட்டில் வலப்புறம் இருப்பது தாளில் இடப்புறமாக வரும் அன்றோ? செதுக்குநர் தம் எதிரே ஓவியத்தை நேராக வையாது, ஒரு கண்ணாடியை வைத்து அதன் நிழலைப் பார்த்தே வேலை செய்தல் வழக்கம்.

செதுக்குளி என்பது நான்கு பக்கமுள்ள மெல்லிய எஃகுக் கோல். அதன் முனை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். மறு முனையிற் காளான் வடிவான மரப்பிடி உண்டு. அஃது உள்ளங்கைக் குழியிற் பொருந்தும். பாத்திரக் கடைகளிற் சீர்வரிசைப் பாத்திரங்களிற் பெயர் வெட்டுவோரை நாம் பார்த்திருக்கின்றோம். அவர் சிற்றுளியைச் சிறு சுத்தியாலே தட்டித் தட்டி, புள்ளிகளைத் தொடுத்து எழுத்தாக்குவர். இந்நாளில் மின்விசையால் அதிரும் கருவியே அவ்வேலையைப் பெரிதும் செய்கின்றது. செப்புத் தகட்டுச் செதுக்குநர் சுத்தியைத் தொடுவதில்லை. உழவன் கலப்பையை மண்ணில் தள்ளுவதுபோல், உள்ளங்கையின் அழுத்தம் ஒன்றாலேயே உளியைத் தகட்டினுள் முன்னோக்கித் தள்ளுவார். சுருண்ட செப்பு இழை ஒன்று உளிமுனைக்கு முன்னே எழுந்து விழும்.

வளைந்த கோடு வேண்டுமாயின் என் செய்வது? உளியைத் திருப்புவதினும் தகட்டைத் திருப்புதலே முறை. மணல் நிரப்பிய தோல் மெத்தை ஒன்றின்மேல் தகடு கிடக்கும். வலக்கை உளியைத் தள்ள, இடக்கை தகட்டைச் சுழற்றிக் கொடுக்கும். கன்னத்தின் வளைவும், இமையின் வளைவும், தலைமயிரின் சுருளும் இவ்விரு கைகளின் ஒத்துழைப்பிலே பிறந்தவை. கோட்டின் இருபுறமும் எழும் பிசிரைச் சுரண்டியால் நீக்குவர். வெட்டியது பிழையாயின், மெருகுக்கோலால் அழுத்தி அப்பள்ளத்தை மூடுவர். ஆழமான பிழையாயின், அவ்விடத்தைச் சுரண்டிக் குழியாக்கிப் பின்புறமிருந்து சுத்தியால் மெல்லத் தட்டி மேலெழுப்பி, மீண்டும் மெருகிட்டு, மீண்டும் வெட்டுவர். தாளில் எழுதுவோர் அழித்தெழுதுவது ஒரு நொடி. தகட்டில் அழித்தெழுதுவது ஒரு நாள் வேலையாகிவிடும்.

வரி முகமாவது எவ்வாறு

ஓவியரிடம் வண்ணம் உண்டு; செதுக்குநரிடம் கறுப்பு மை ஒன்றே உண்டு. சாம்பல் நிறமும் அவரிடம் இல்லை. வரியை மெலிதாகவும் தடிப்பாகவும், நெருக்கமாகவும் இடைவிட்டும் வெட்டுதலாலேயே ஒளியும் நிழலும் அவர் படைக்கவேண்டும். உளியைச் சிறிது ஆழமாக அழுத்தினாற் கோடு தடிக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் மயிரிழையாக மெலிந்து மறையும். நிழல் மிகவேண்டிய இடத்தில் வரியின்மேற் குறுக்கு வரி இடுவர். குறுக்கு வரிகளுக்கு இடையே தோன்றும் சாய்சதுரங்களின் நடுவில் ஒரு புள்ளி வைப்பதும் உண்டு. தோலின் மென்மையைக் காட்டப் புள்ளிகளை மட்டும் தூவிச் செல்லும் முறையும் உண்டு. பட்டாடைக்கு ஒருவகை வரி, கம்பளிக்கு மற்றொன்று, தலைமயிருக்கு வேறொன்று. விழியின் மணியில் ஒளி தெறிக்கும் சிறு வெண்புள்ளியை மட்டும் வெட்டாமல் விட்டுவைத்தல் வேண்டும். அவ்வெண்மை தகட்டில் உளி தொடாத இடம். அதனை மறந்து ஒரு வரி ஓட்டிவிட்டால் முகம் உயிர் இழந்துபோம்.

இவ்வரியின் ஆற்றலை முழுதும் காட்டும் சான்று ஒன்று கூறுவாம். பிரெஞ்சுச் செதுக்குநராகிய குளோட் மெல்லான் என்பார், 1649-ஆம் ஆண்டிலே, வெரோனிக்காளின் துகிலிற் பதிந்த கிறிஸ்து நாதரின் திருமுகத்தைச் செப்பில் வெட்டினார். அப்படத்தில் உள்ளது ஒரே ஒரு கோடு. அக்கோடு மூக்கின் நுனியிலே தொடங்கி, சுருளாகச் சுற்றிச் சுற்றி விரிந்து, தகட்டின் ஓரம் வரையிற் செல்கின்றது. எங்கும் குறுக்கு வரி இல்லை. அவ்வொரு கோடு தடித்தும் மெலிந்தும் செல்வதனாலேயே கண்ணும், கண்ணீரும், முள்முடியும், தாடியும் தோன்றுகின்றன. வாசலிற் கோலமிடும் நம் பெண்டிர் கையெடாது ஓரிழையிற் கோலத்தை முடிப்பர்; அஃது அரிது. ஆனால் அவ்விழையையே ஓரிடத்திற் பெருக்கியும் ஓரிடத்திற் குறைத்தும் ஒரு முகத்தின் துயரைக் காட்டுதல் எத்துணை அரிதென்று எண்ணிப் பாருங்கள்.

காலமும் கண்ணும்

ஒரு நல்ல உருவப்படத் தகட்டை முடிக்கப் பல மாதங்கள் செல்லும். பெரிய தகடாயின் ஆண்டுகளும் செல்லும். வேலை பெரும்பாலும் பலகணியின் அருகே நடக்கும். மெருகிட்ட செம்பின்மேல் வெயில் நேரே பட்டால் கண் கூசும். ஆதலின், பலகணியில் மெல்லிய தாளை ஒட்டி ஒளியை மட்டுப்படுத்துவர். இரவில் விளக்கின் முன்னே நீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டு ஒன்றை வைத்து, அதன் வழியாக ஒளியைத் தகட்டின்மேற் குவிப்பர். பூதக்கண்ணாடியின் கீழ் நாள்தோறும் பல நாழிகை குனிந்திருந்த இவர்கள், கண்ணொளி மங்கி வருந்தியது பெருவழக்கு. பெரிய பட்டறைகளில் வேலையைப் பகிர்ந்து கொடுத்தலும் உண்டு. பின்புலத்தையும் ஆடையையும் பயிலுவோர் வெட்டுவர். முகத்தையும் கைகளையும் ஆசிரியரே வெட்டுவார்.

தகடு முடிந்தபின் வேலை அச்சிடுவோர் கைக்குச் செல்லும். இவரும் கைதேர்ந்தவரே. தகட்டை இளஞ்சூட்டில் வைத்துக் கெட்டியான மையைப் பூசி, ஒவ்வொரு வரியினுள்ளும் புகுமாறு அழுத்துவர். பின்னர் மேற்பரப்பின் மையைத் துணியால் துடைத்து, இறுதியில் வெண்சுண்ணத்தூள் தடவிய உள்ளங்கையால் தேய்த்து எடுப்பர். மிகத் துடைத்தால் வரியிலுள்ள மை போய்விடும். குறையத் துடைத்தால் படம் அழுக்குறும். அதன்மேல் ஈரத்தாளைப் பரப்பி, கம்பளி விரித்து, இரண்டு கனத்த உருளைகளுக்கு இடையே செலுத்துவர். அவ்வுருளைகளைச் சுழற்றும் ஆரச்சக்கரத்தை உடல்வலியாலே இழுக்கவேண்டும். ஒரு படம் வெளிவந்ததும், அடுத்ததற்குத் தகடு முழுதும் மீண்டும் மை பூசப்பட்டு, மீண்டும் துடைக்கப்படும். ஆயிரம் படம் எனின், ஆயிரம் முறை இவ்வேலை நிகழ்ந்ததென்று பொருள்.

இதில் இன்னொரு துன்பமும் உண்டு. செம்பு மென்மையானது. ஒவ்வொரு துடைப்பிலும் ஒவ்வோர் அழுத்தத்திலும் நுண்ணிய வரிகள் தேயும். ஆதலின் முதலில் எடுத்த படங்களுக்கு விலை மிகுதி. மெஸோடின்ட் என்னும் முறையில் இக்குறை இன்னும் கடுமையாயிற்று. செர்மானியராகிய லூத்விக் வான் சீகன் என்பார் 1642-ஆம் ஆண்டில் இம்முறையில் முதற் படத்தை வெளியிட்டார். அதுவும் ஓர் அரச மாதின் உருவப்படமே. பல்லுள்ள கருவியாற் தகடு முழுவதையும் பல திசைகளிலும் குத்திச் சொரசொரப்பாக்கினால், அஃது அச்சிற் கருங்கும்மென்று வரும். பின்னர் ஒளி வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டியும் மெருகிட்டும் இருளிலிருந்து முகத்தை வெளிக்கொணர்வர். எண்ணெய் ஓவியத்தின் மென்மையை இம்முறை அழகாகக் காட்டிற்று. ஆனால் அச்சொரசொரப்பு விரைவிலே தேய்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செம்பின் இடத்திற்கு எஃகு வந்தது. அமெரிக்கராகிய ஜேக்கப் பெர்க்கின்ஸ் வகுத்த முறையில், மென்மையாக்கிய எஃகிற் செதுக்குநர் முகத்தை வெட்டுவார். அதனைத் தீயிட்டுக் கடினமாக்கி, மென்மையான எஃகு உருளை ஒன்றை அதன்மேல் அழுத்தி உருட்டினால், முகம் உருளையிற் புடைப்பாகப் பதியும். அவ்வுருளையைக் கடினமாக்கி வேறொரு தகட்டில் அழுத்தினால், முதலில் வெட்டியவாறே பள்ளமாக முகம் எத்துணை முறை வேண்டினும் அமையும். 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்து வெளியிட்ட உலகின் முதல் ஒட்டும் அஞ்சல் தலை இவ்வாறு அமைந்ததே. விக்டோரியா அரசியின் அம்முகம் வில்லியம் வையன் செய்த பதக்கத்தைத் தழுவியது. அதனைச் செதுக்கியவர் சார்லஸ் ஹீத்தும் அவர் மைந்தர் பிரடெரிக்கும். ஒரு தகட்டில் 240 முகங்கள். மனிதர் ஒருமுறை வெட்டியதைப் பொறி பல கோடியாகப் பெருக்கிற்று.

பெயரும் மதிப்பும்

பழைய உருவப்படங்களின் அடியிலே மிகச் சிறிய எழுத்துக்களில் இரண்டு பெயர்கள் இருக்கும். இடப்புறத்துப் பெயரை அடுத்து, ‘தீட்டினார்’ என்னும் பொருளுடைய ‘பிங்க்ஸிட்’ என்ற இலத்தீன் சொல் நிற்கும், அவர் ஓவியர். வலப்புறத்துப் பெயரை அடுத்து, ‘செதுக்கினார்’ என்னும் பொருளில் ‘ஸ்கல்ப்ஸிட்’ என்ற சொல் நிற்கும், அவர் செதுக்குநர். பாண்டியர் செப்பேடுகளிற் சில, வேந்தன் புகழையும் கொடையையும் விரித்தபின், எழுத்தை வெட்டினவர் பெயரையும் இறுதியிற் கூறுகின்றன. கைவினைஞருக்குச் செப்பின் கடைசி ஓரத்தில் ஓர் இடம் தரும் வழக்கம் இரு நாட்டிலும் ஒத்திருத்தல் காண்க.

அவ்விடத்தைப் பெறுதற்கும் போராட்டம் வேண்டியிருந்தது. செதுக்குநர் கலைஞரா, பிறர் படத்தைப் படியெடுக்கும் கூலியாளரா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் 1660-ஆம் ஆண்டிற் பிறப்பித்த ஆணையிலே, செதுக்கு வேலை தொழிற்குழுக்களின் கட்டிற்கு உட்படாத கலையென்று கூறப்பட்டது. அக்காலத்து வாழ்ந்த இராபர்ட் நான்டாய் என்னும் செதுக்குநர் இருநூற்றுக்கு மேற்பட்ட உருவப்படங்களைச் செதுக்கியவர். அவற்றிற் பலவற்றை உயிருள்ளோரை நேரே பார்த்துத் தாமே வரைந்தும் கொண்டவர். இங்கிலாந்திலோ 1768-இல் நிறுவப்பட்ட இராயல் அகாடமி, செதுக்குநர்களை முழு உறுப்பினராக ஏற்க மறுத்துத் துணை உறுப்பினராக மட்டும் சிலரைச் சேர்த்தது. மெஸோடின்ட் வல்லுநராகிய சாமுவேல் கசின்ஸ் 1855-ஆம் ஆண்டில் முழு உறுப்பினரான போதுதான் அக்கதவு திறந்தது. அதற்குள் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

முகத்தை வெட்டுவோர் தம் கலையின் எல்லையையும் அறிந்திருந்தனர். சமயச் சீர்திருத்தத் தலைவருள் ஒருவராகிய மெலாங்தன் என்பாரின் முகத்தை ஆல்பிரெக்ட் டூரர் 1526-ஆம் ஆண்டிற் செதுக்கினார். அதன் அடியில், உயிருள்ள பிலிப்பின் முகத்தை வரையத் தம் கைக்கு இயன்றதென்றும், அவர் மனத்தை வரைய இயலவில்லையென்றும் பொருள்படும் வாசகத்தை வெட்டியிருக்கின்றார். தம் கையின் திறத்தையும் குறையையும் ஒரே தகட்டில் அறிவித்த நேர்மை அது.

இந்தியாவிற்கு வந்த முகங்கள்

கிறிஸ்தவத் திருப்பணி நூல்களுக்கும் இக்கலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1793-இல் தொடங்கிய ‘எவாஞ்சலிக்கல் மாகஸின்’ என்னும் இலண்டன் திங்களிதழ், போதகர்களின் செதுக்குப் படங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. பிரசங்கத்தைக் கேட்க இயலாதார்க்குப் போதகரின் முகத்தையேனும் அஃது அளித்தது. போன நூற்றாண்டிற்கு முந்தைய திருப்பணியாளர் வரலாறுகளைத் திறந்தால், தலைப்பின் எதிரே மெல்லிய தாள் மூடிய எஃகுச் செதுக்குப் படமும், அதன் கீழ் அவர் கையொப்பத்தின் சாயலும் இருத்தலைப் பலவற்றிற் காணலாம்.

தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், சுவார்ட்சு ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். அவர் ஐரோப்பிய நூல்களோடு அச்சுப் படங்களையும் விரும்பித் தொகுத்தார். மனித முகத்தை விலங்கு முகத்தோடு ஒப்பிட்டுச் சார்லஸ் லெ புரூன் வரைந்தவற்றின் அச்சுப் படங்கள் இன்றும் சரசுவதி மகால் நூல்நிலையத்தில் உள. சென்னையில் மருத்துவராகிய அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ஆம் ஆண்டிற் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஓவியத்தோடு செதுக்கு வேலையும் ஆங்குப் பயிற்றப்பட்டது. அப்பள்ளியே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது.

1854-ஆம் ஆண்டில் இந்தியா முழுதிற்கும் அஞ்சல் தலைகள் வேண்டியபோது, கல்கத்தா நில அளவை அலுவலகத்தில் காப்டன் துய்லியர் அவற்றை அச்சிடும் பொறுப்பை ஏற்றார். அங்கே முகம் முதலிற் செம்பில் வெட்டப்பட்டு, பின்னர் அச்சுக்கல்லின்மேற் பெயர்க்கப்பட்டது. நாலணாத் தலையில் சட்டம் சிவப்பு, முகம் நீலம். இருமுறை தனித்தனியே அச்சிட வேண்டியிருந்தமையால், சில தாள்களில் அரசியின் தலை கீழ்நோக்கிப் பதிந்துவிட்டது. அஞ்சல் தலை தொகுப்போர் அதனைப் பெரும்பொருளாக மதிப்பர். அந்நாளில் அச்சிட்ட கைகளுக்கு அஃது ஓர் அயர்வின் விளைவு மட்டுமே.

புள்ளிகளின் வெற்றி

நிழற்படம் தோன்றிய உடனே செதுக்குநர் வேலை இழந்தாரல்லர். நிழற்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிடும் வழி நெடுநாள் இல்லை. ஆகவே, 1842-இல் தொடங்கிய ‘இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற வார இதழ்கள், படங்களை மரக்கட்டையில் வெட்டுவித்தே அச்சிட்டன. அவசரமாயின் ஒரு பெரிய கட்டையைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பலர் இரவு முழுதும் வெட்டி, விடியலில் இணைப்பர். 1880-க்குப் பின்னர், நிழற்படத்தைக் கண்ணாடிவலை ஒன்றின் வழியே பெயர்த்துச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடைக்கும் முறை பரவியது. செதுக்குநர் மாதக்கணக்கில் வெட்டிய நிழலை அமிலமும் ஒளியும் சில நாழிகையிற் செய்துவிட்டன. சில பத்தாண்டுகளுக்குள் பட்டறைகள் மூடப்பட்டன. ஏழெட்டு ஆண்டு பயின்று கைவரப்பெற்ற திறம் விலைபோகாததாயிற்று.

பெரியாற்றில் அணை எழுந்ததும் அதே ஆண்டுகளில்தான். பென்னிகுயிக் இரு தலைமுறைக்கு முன்னர்ப் பிறந்திருப்பின், அவர் முகத்தை யாரேனும் ஒருவர் செம்பில் வெட்டியிருக்க வேண்டும். அல்லாவிடின் நமக்கு அது கிடைத்திராது. நம் வீடுகளிலுள்ள அச்சுப் படத்தைப் பூதக்கண்ணாடியாற் பாருங்கள். அங்கே வரி இல்லை, புள்ளிகளே உள.

நம் கையிலுள்ள செதுக்கு

ஆயினும் இக்கலை அழிந்துவிடவில்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகரும், கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துக் கூலியாளரும் நாள்தோறும் கையாளும் பொருளொன்றில் அது வாழ்கின்றது. நூறு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுக்களில் உள்ள காந்தியடிகளின் முகத்தின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வரிகள் புடைத்திருக்கும். அது பள்ளத்திலிருந்து மை எழும் பழைய முறையே. 1996-இல் தொடங்கிய காந்தி வரிசை நோட்டுக்களின் முகம், 1946-ஆம் ஆண்டில் எடுத்த நிழற்படம் ஒன்றைத் தழுவியது. அதனைக் கன்னத்தின் வளைவையும் கண்ணாடியின் விளிம்பையும் காட்டும் வரிகளாக மாற்றியதே செதுக்குக் கலையின் பங்கு. இந்நாளில் உலகெங்கும் நோட்டுத் தகடுகளைச் செய்வதிற் கணிப்பொறியும் துணை நிற்கின்றது. எனினும் எந்த நிழலை எந்த வரியாற் சொல்வதென்பது இன்னும் பயின்ற கண்ணின் முடிபே.

பணத்தில் முகத்தை வைப்பானேன்? மலையின் படத்தில் ஒரு பாறை மாறினால் நாம் உணரமாட்டோம். அறிந்த முகத்தில் இதழோரம் மயிரிழை மாறினாலும், ‘இஃது அவரில்லை’ என்று மனம் கூறும். இயற்கை தந்த இவ்வுணர்வே கள்ள நோட்டிற்கு எதிரான காவல். ஆனால் வேலை செவ்விதாயிருந்தால் அல்லது அக்காவல் பயன்படாது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் வந்த விக்டோரியா முகமுள்ள இந்திய நோட்டுக்கள், போலிகள் மலிந்தமையால் 1867 முதல் வேறு வகைக்கு இடம் தந்து நீங்கின. மன்னர் முகம் நோட்டிலே மீண்டும் நிலைபெற்றது 1923-இல், ஐந்தாம் ஜார்ஜின் பத்து ரூபாய் நோட்டிலேதான். பார்வையற்ற அன்பர்களுக்கும் அப்புடைப்பு வரிகள் துணையாகின்றன. நோட்டை வெட்டியவர் பெயர் மட்டும் அதில் இராது. செப்பேட்டின் கடைசி வரியிலும் படத்தின் அடியோரத்திலும் அவர்க்கிருந்த சிற்றிடமும் இங்கே இல்லை.

மாணவ அன்பர்களே, முல்லைப் பெரியாற்று அணையை ஒருவர் கட்டவில்லை. கல்லுடைத்தும், சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தும், காட்டுக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டும் அதனை எழுப்பினோர் ஆயிரக்கணக்கானவர். அவர்தம் முகங்கள் எந்தச் சுவரிலும் இல்லை. பென்னிகுயிக்கின் படத்தைப் போற்றுவது தகும். அதனோடு அவர்களையும் நினைப்பது கடன். அச்சிட்ட முகங்களைப் பொறுத்தவரையில் நமக்கு எளியதொரு வழி உண்டு. கல்லூரி நூல்நிலையத்திற் பழைய வரலாற்று நூல் ஒன்று கையிற் கிடைக்கும்போது, முகப்புப் படத்தைக் கண்டவுடன் ஏட்டைத் திருப்பிவிடாதீர்கள். படத்தின் வலப்புற அடியோரத்திற்குக் கண்ணைக் கொண்டுசெல்லுங்கள். அங்கே கடுகளவு எழுத்திலுள்ள பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பல மாதம் ஒரு பலகணியின் அருகே குனிந்திருந்த ஒருவர்க்கு நாம் செலுத்தக்கூடிய கூலி அதுவே.